காலியான கார்ட்ரிட்ஜைக் கழற்ற அவசரம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரிய அகல பிரிண்டர்களின் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘மை குறைவு என்று விளக்கு எரிந்ததும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. 14 ஆண்டுகளாக 44 அங்குல இயந்திரத்தோடு மல்லுக்கட்டி வருபவன் நான். தயவுசெய்து அப்படிக் கழற்றாதீர்கள்.

‘மை குறைவு’ என்றால் புதியதை வாங்கி வைத்துக்கொள் என்று மட்டும்தான் பொருள். ‘தீர்ந்துவிட்டது’ என்று இயந்திரம் தானே நிற்கும்வரை அச்சடிக்கலாம். 700 மில்லி கார்ட்ரிட்ஜை முதல் எச்சரிக்கையிலேயே தூக்கிப் போட்டால் எவ்வளவு மை குப்பைக்குப் போகும்! நின்ற பிறகும் உள்ளே கொஞ்சம் மை இருக்கும். இது ஏமாற்று வேலை என்று பலர் கோபப்படுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டேன். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால், தாளில் மை தெளிக்கும் ஹெட்டுக்குள் காற்று புகுந்துவிடும். அதைத் தடுக்கவே பல மாடல்களில் அந்த மையை விட்டுவைக்கிறார்கள்.

எங்கள் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு சனிக்கிழமை மாலை தீர்ந்துபோன மஞ்சள் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, புதியது திங்களன்று வந்துவிடும் என்று அந்த இடத்தை அப்படியே திறந்துவிட்டுப் போய்விட்டார். திங்கள் காலை புதியதைப் பொருத்தி, ஹெட்டின் எல்லாத் துளைகளிலும் மை வருகிறதா என்று கோடுகளால் காட்டும் நாசில் செக் தாளை அடித்தோம். கறுப்பும் சியானும் மஜந்தாவும் படிக்கட்டுப் போல ஒழுங்காக இறங்கியிருந்தன. மஞ்சள் மட்டும் வெள்ளைத் தாளில் கண்ணுக்குப் பிடிபடாது. நீலக் கண்ணாடித்தாளை மேலே வைத்தால்தான் கோடுகள் கறுத்துத் தெரியும். வைத்துப் பார்த்தேன். பல்லுப் போன சீப்பாகக் கிடந்தது மஞ்சள். மூன்று முறை ஹெட் கிளீனிங் செய்தோம். ஒவ்வொரு முறையும் நல்ல நிலையில் இருந்த மற்ற நிறங்களின் மையும் சேர்ந்து கழிவு டேங்கில் போய் விழுந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை, நானும்தான்.

எனவே புதியது கைக்கு வரும்வரை பழையது தன் இடத்திலேயே இருக்கட்டும். மாற்றும்போதும் பதற்றம் கூடாது. பிக்மென்ட் மையில் நிறத்துகள்கள் அடியில் தங்கிவிடும் என்பதால் பொருத்தும் முன் கலக்க வேண்டும். சில நிறுவனங்கள் பக்கவாட்டில் குலுக்கச் சொல்கின்றன, சில மெல்லச் சாய்த்து எடுக்கச் சொல்கின்றன. கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். சிப்பிலும் மை வரும் துளையிலும் விரல் படக் கூடாது.

கட்டுரையில் இல்லாத இன்னொன்றும் உண்டு. சிப்பில் மீதி மையின் கணக்கைப் பதிந்துவைக்கும் மாடல்களில், நீளமான வேலைக்கு முன்னால் அரைகுறையாக இருப்பதை எடுத்துவிட்டு நிறைந்ததைப் பொருத்தலாம். எடுத்ததைத் தூசி படாமல் வைத்திருந்து சிறு வேலைகளுக்குத் திரும்பப் போடலாம். சில பழைய மாடல்களில் பாதி அச்சில் மாற்றினால், நின்ற இடத்தில் ஒரு பட்டை விழும். ஒருமுறை பொருத்தியதை ஆறு மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பகுதியில் நாசில் செக் தாளைப் படிக்கும் விதத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் படங்களோடு எழுதுங்கள். மஞ்சளுக்குத் தனிப் படம் வேண்டும்.

அன்புடன்,
அச்சக ஊழியர் ஒருவர்