டாக்டர் மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை,

உசிலம்பட்டி சந்தையில்தான் கேள்விப்பட்டேன். தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் இரண்டு தடவை உன் கிளினிக்குக்கு வந்து போனார்களாமே. 50 ரூபாய் டாக்டருக்கு ஓட்டு தானாக விழும் என்றார்களாம். விழலாம்.

ஆந்திராவில் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி அப்படித்தான் வந்தார். குல்பர்காவில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு, 1973-இல் புலிவெந்துலாவில் அப்பா பெயரில் ஆஸ்பத்திரி கட்டினார். ‘ஒரு ரூபாய் டாக்டர்’ என்றார்கள். 1978-இல் எம்.எல்.ஏ. ஆனார். (அப்பா ஊரில் செல்வாக்கான கான்ட்ராக்டர். அந்த ஒரு ரூபாய் மட்டும் ஜெயிக்கவைத்தது என்று நான் நம்பவில்லை.) ஆனால் முதல்வர் நாற்காலிக்கு அப்புறமும் 26 வருஷம் ஆனது. 2003 கோடையில் சேவெள்ளாவிலிருந்து இச்சாபுரம் வரை ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் பாதயாத்திரையாக நடந்தார். அதைக் கட்சிக்காரர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2004-இல் பதவியேற்றதும் முதல் கையெழுத்து விவசாயிகளின் இலவச கரண்டுக்கு. நம் கிணற்று மோட்டாருக்கு அது 1990-லேயே வந்துவிட்டதால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. டாக்டர் புத்தி தெரிவது 2007-இல் வந்த ஆரோக்கியஸ்ரீ என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்தான். அங்கே ஏழைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை ரேஷன் கார்டு இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலும் காசில்லாமல் இதய ஆபரேஷன். 2009-இல் நம் பக்கம் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அரசுப் பணம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் அப்படியே கிடக்கிறது என்று அங்கே குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

முப்பது வருஷமாக மெடிக்கல் கடையில் நிற்கிறேன். உன் சீட்டு என் கைக்கு வரும்போது நடப்பதை நீ பார்த்ததில்லை. போன வாரம் செல்லம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் சீட்டை நீட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “இதுல எது முக்கியமோ அதை மட்டும் கொடுங்கண்ணே. பத்து நாளைக்கு வேணாம், மூணு நாளைக்குப் போதும்” என்றார். உன் பீஸ் 50 ரூபாய். நீ எழுதிய மாத்திரை 450 ரூபாய். அரை அட்டையை வெட்டிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

கட்சிக்காரர்கள் உன் 50 ரூபாயைத்தான் பார்க்கிறார்கள். மேடை ஏறினால் அந்த அம்மா மீதி ஏழு நாளுக்கு உன்னிடம் பதில் கேட்பார். நம் பக்கத்து 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் எப்போது வரும் என்றும் கேட்பார்கள், அது வேறு.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் உனக்கு லீவுதானே. கடைக்கு வந்து கல்லாப் பக்கம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார். அதற்கப்புறம் அவர்களுக்குப் பதில் சொல். உன் அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே, என் அக்காவுக்கு அரசியல் பேச்சே பிடிக்காது.

அன்புடன்,
மாமா