ஆடிக் கணக்குக்கு முன் ஒரு கதிர்ப்படம்: மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் இந்நாட்களில், கதிர் ஒளியியல் பாடத்தின் ஆடிக் கணக்குகள் குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சமன்பாட்டை எழுதும் முன், ஒளிக்கதிர்கள் செல்லும் வழியைக் காட்டும் கதிர்ப்படத்தை மாணவர் வரையட்டும்.

அண்மையில் நான் திருத்திய திருப்புதல் தேர்வுத் தாள் ஒன்றில், 15 செ.மீ. குவியத்தொலைவு கொண்ட குழியாடியின் முன் 10 செ.மீ. தொலைவில் வைத்த பொருளின் பிம்பம் எங்கே தோன்றும் என்பது வினா. ஆடிக்கு முன்புறத் தொலைவுகளுக்கு எதிர்க்குறி இடும் மரபுப்படி பொருளின் தொலைவுக்கு அதை இட்ட மாணவி, குவியத்தொலைவுக்கு இட மறந்து, ஆடிக்குப் பின்னால் 6 செ.மீ. தொலைவில் 0.6 மடங்கு அளவுள்ள பிம்பம் தோன்றும் என்று முடித்திருந்தாள். கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பிழையும் இல்லை. தன்னை அறியாமலே குழியாடியைக் குவியாடியாக மாற்றி, அந்தக் குவியாடிக்கு உரிய விடையைத் துல்லியமாகக் கண்டிருந்தாள். உண்மையில் பிம்பம் ஆடிக்குப் பின்னால் 30 செ.மீ. தொலைவில், மும்மடங்கு பெரிதாகத் தோன்றும். ஆடிமையத்துக்கும் குவியத்துக்கும் இடையே பொருளை வைத்து, முதன்மை அச்சுக்கு இணையாக ஒரு கதிரும் வளைவு மையத்தின் திசையில் ஒரு கதிருமாக இரண்டே கோடுகளை இழுத்திருந்தால், பெரிய, நேரான மாயபிம்பம் (திரையில் பிடிக்க முடியாத பிம்பம்) கணக்குக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும், 0.6 என்று வந்ததுமே அவள் கை நின்றிருக்கும்.

பிம்பம் தோன்றும் நிலைகளை அட்டவணையாக்கி ஒப்பிக்க வைத்த பழக்கத்தின் பலன் இது. அதில் எனக்கும் பங்குண்டு. கீழ்ப்பாதியைக் கருந்தாளால் மூடிய குழியாடி என்ன பிம்பம் தரும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிம்பம் என்றே பலரும் எழுதுவர். முழுப் பிம்பமும் மங்கலாகக் கிடைக்கும் என்பதை அட்டவணை சொல்லாது. 150 செ.மீ. உயரமுள்ளவர் தம் முழு உருவத்தைக் காண 75 செ.மீ. உயரச் சமதள ஆடி போதும் என்பதும், அவர் எவ்வளவு பின்னால் நகர்ந்தாலும் அந்த அளவு மாறாது என்பதும் அப்படித்தான்.

மாயபிம்பத்துக்குச் செல்லும் நீட்சிகளைப் புள்ளிக்கோடுகளாக வரையவும், கதிர்தோறும் அம்புக்குறி இடவும் வலியுறுத்துங்கள். முடிந்தால் ஒரு பாடவேளையில் ஆய்வகக் குழியாடியைக் கையில் கொடுத்து, சன்னலுக்கு வெளியே தொலைவில் நிற்கும் மரத்தின் தலைகீழ்ப் பிம்பத்தை வெள்ளைத் தாளில் பிடிக்கச் செய்து, ஆடிக்கும் தாளுக்கும் இடையே அளவுகோலை வைத்துக் குவியத்தொலைவை அளக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் ஆடிக்கு முன்புறம், படுகதிர் வந்த பக்கமே இருப்பதைப் பார்த்தபின், குழியாடியின் குவியத்தொலைவுக்கு எதிர்க்குறி ஏன் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்