தேயிலைக் கிலோவுக்கு ஒரு ரூபாய்: பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகப் பெருந்தோட்டக் கம்பனிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். சிறுத்தையைப் பற்றி எழுதுகிறேன். காசுப் பேச்சும் வரும். சொல்லப்போனால் அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம், லக்சபான தோட்டப் பகுதியில், ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மயக்க ஊசி போட்டு மீட்டு, தூரத்திலுள்ள உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாட்களில் செத்துப்போனது. கருஞ்சிறுத்தை நம் நாட்டில் அபூர்வம் என்பதால் நாடே உச்சுக்கொட்டியது. சாதாரணச் சிறுத்தைகள் அதற்கு முன்னும் பின்னும் இதே மாதிரிக் கம்பியில் செத்திருக்கின்றன. அவையெல்லாம் ஒரு நாள் செய்தியோடு சரி.

அலுவலகத்தில் இருப்பவர்கள் அந்தக் கம்பியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலும் பழைய பிரேக் கேபிள்தான். ஒரு முனையில் சுருக்கு. மறுமுனை ஏதாவது மரத்தடியில் கட்டியிருக்கும். காட்டுப்பன்றி வழக்கமாக நுழைகிற வேலி ஓட்டையில், புல்லோடு புல்லாகத் தொங்கவிடுவார்கள். அதே ஓட்டையில் சிறுத்தையும் வரும். தலை நுழைந்து, தோள் நுழைந்து, இடுப்பில் போய் இறுகும். அது திமிறத் திமிறக் கம்பி உள்ளே போகும். வெளிக்காயம் பெரிதாகத் தெரியாது, உள்ளே நசுங்கியிருக்கும். உயிரோடு மீட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போன பிறகு அது சாவது அதனால்தான்.

கம்பி கட்டியவர் யார்? குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டு, அதை ஒரே ராத்திரியில் பன்றிக்குப் பறிகொடுத்தவராக இருக்கலாம். இறைச்சிக்காக வைப்பவர்களும் உண்டு, அதை மறைப்பானேன். சிறுத்தை செத்தால் அவரைத் தேடிப் பிடித்து நீதவான் முன் நிறுத்துகிறோம். சட்டப்படி சரிதான். ஆனால் அடுத்த மாதம் பக்கத்து மலையில் இன்னொரு கம்பி இருக்கும். பன்றி அப்படியே இருக்கிறது, பாத்தியும் அப்படியே இருக்கிறதே.

இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். வளர்ந்தவை ஆயிரத்தைத் தொடாது என்பதுதான் மதிப்பீடு. 2008 இல் அருகிவரும் இனமாக இருந்ததை, 2020 இல் ஒரு படி இறக்கி, ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியது. நல்ல சேதிதான். ஆனால் யாலவிலும் வில்பத்துவிலும் இருக்கிற சிறுத்தைக்குப் பூங்கா எல்லை இருக்கிறது, டிக்கெட் காசு இருக்கிறது, ஜீப் வரிசை இருக்கிறது. உங்கள் தோட்டத்து மானாவில் புல்லிலும் ஓடைக்கரைக் காட்டுத் துண்டிலும் குட்டி போடுகிற சிறுத்தைக்கு டிக்கெட் வாங்க யாரும் வருவதில்லை. அதன் பாதுகாப்புக்கென்று பெரிதாகக் காசும் ஒதுக்கப்படுவதில்லை. அந்தக் காட்டுத் துண்டுகள் 1992 முதல் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

ஆகவே கேட்கிறேன்: விற்கிற தேயிலையில் கிலோவுக்கு ஒரு ரூபாயை ஒரு சிறுத்தை நிதியத்துக்கு ஒதுக்குங்கள். 2023 இல் நாடு 25 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை உற்பத்தி செய்தது. அதில் பெரும்பங்கு சிற்றுடைமையாளர்களுடையது, எங்கள் பங்கு குறைவு என்பீர்கள். சரி, உங்கள் பங்கை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஆண்டுக்குச் சில கோடி ரூபாய் சேரும்.

அந்தக் காசில் முதல் வேலை கம்பி அகற்றுவது. அதை வெளியாட்களிடம் கொடுக்காதீர்கள். எந்த ஓட்டையில் பன்றி வரும், எங்கே சுருக்கு இருக்கும் என்பது தோட்டத்து ஆட்களுக்குத்தான் தெரியும். மாதத்தில் சில நாள் அவர்களை அனுப்பி, அதற்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடுங்கள். கொழுந்துக் கணக்கு கேட்காதீர்கள். பன்றியைத் தடுக்க மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல வேலி போட்டுக் கொடுங்கள். மாடோ ஆடோ போனால் நட்டஈடு அலையவைக்காமல் கிடைக்க வேண்டும். அப்புறம், மயக்க மருந்தோடு ஒரு மிருக வைத்தியரும் வாகனமும் ஹட்டன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உடவளவை எங்கே, நல்லதண்ணி எங்கே!

தனியார் நிலத்தில் இது நடக்குமா என்று சந்தேகம் இருந்தால் ஸ்பெயினைப் பாருங்கள். 2002 இல் நூறுக்கும் கீழே போயிருந்த ஐபீரிய லின்க்ஸ் பூனை இன்று இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காசு ஒரு காரணம். தனியார் நில உரிமையாளர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் இன்னொரு காரணம்.

மக்கள் பயத்தையும் சும்மா விடாதீர்கள். கொழுந்து எடுக்கும்போது சிறுத்தை பாய்ந்து காயப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். 2018 இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரே திரண்டு அடித்துக் கொன்றது. அந்த ஊரைக் காட்டுமிராண்டிகள் என்று திட்டுவது சுலபம். நேரத்துக்கு மயக்க ஊசி வந்து சேர்ந்திருந்தால் அந்தத் தடி தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த ஒரு ரூபாய் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வரக்கூடாது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் இழுத்தடித்தீர்கள் என்பது மலைக்கே தெரியும். நிதியத்தின் கணக்கைப் பார்க்கிற குழுவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். அந்தக் கணக்கை வருடா வருடம் தமிழிலும் சிங்களத்திலும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக் களத்தில் ஒட்டுங்கள்.

ஆகஸ்ட் 1 இலங்கைச் சிறுத்தை தினம். வரும் ஆகஸ்டுக்குள் உங்களில் ஒரே ஒரு கம்பனியாவது இந்த நிதியத்தைத் தொடங்கினால், மற்றவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மலையகத்திலிருந்து ஒருவன்