பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சயான் மார்க்கெட்வரை போய்வருகிறார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனே உன்னிடம் சொல்லியிருப்பான். இரண்டாவது மாடியிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. அதை விடு. போனில் பேச்செடுத்தால் "சரி அம்மா, மீட்டிங் இருக்கிறது" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன். நடுவில் வைத்துவிடாமல் கடைசிவரை படி.

நீ தூங்குவதில்லை.

இல்லையென்று சொல்லாதே. தீபாவளிக்கு வந்திருந்தபோது ராத்திரி இரண்டரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் பாயில் சுருண்டு படுத்திருந்தாய். போன் வெளிச்சம் உன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் விளக்கைப் போடவில்லை. காலையில் உனக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் நன்றாகப் பார்த்தேன். தாடையோரம் வரிசையாகச் சிறுசிறு கட்டிகள், சிலவற்றை நகத்தால் கிள்ளியிருக்கிறாய். மூக்கின் இரு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிகிறது. முழங்கை மடிப்பில் சொறிந்த கோடுகள். தொட்டுப் பார்த்தேன், கையை இழுத்துக்கொண்டாய்.

கண்ணுக்குக் கீழே கருமை நம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. ஆச்சிக்கு இருந்தது, உன் அத்தைக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அது பிறப்பிலேயே வருவது. எத்தனை தூங்கினாலும் முழுதாகப் போகாது. அதைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்தச் சொறிந்த கோடுகளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தோல் வார்டில் எத்தனை வருஷம் நைட் டியூட்டி பார்த்தவள் நான் என்று உனக்குத் தெரியும். பகலில் அந்த வார்டு அமைதியாக இருக்கும். பார்க்க வருபவர்கள், சாப்பாடு, டாக்டர் ரவுண்டு என்று நேரம் போய்விடும். விளக்கை மங்கலாக்கிய பிறகுதான் சத்தம் தொடங்கும்: சரக், சரக் என்று படுக்கைக்குப் படுக்கை சொறிகிற சத்தம். சாயங்காலமே எல்லோருக்கும் நகம் வெட்டிவிடுவோம், குழந்தைகள் கையில் பருத்தி உறை மாட்டிவிடுவோம். அப்படியும் விடியும்போது படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். நோயாளிகள் மனத்தை அடக்காததால் அப்படி நடக்கவில்லை. ராத்திரியில் தோலின் சூடு ஏறுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, தோல் வழியாக ஈரம் அதிகமாக வெளியேறுகிறது. அரிப்பை அடக்கி வைக்கிற கார்டிசால் என்னும் சுரப்பு நடுராத்திரியில் மிகக் குறைவாக இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் கூடிக்கொள்கின்றன. ஆழ்ந்து தூங்குகிறவனுக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை, விழித்துக் கிடக்கிறவன் சொறிகிறான். சொறியச் சொறியத் தூக்கம் போகிறது, தூக்கம் போகப் போக அரிப்பு கூடுகிறது. அந்தச் சுழலில் சிக்கியவர்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன். என் பெண்ணும் அதில் சிக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

படுத்தவுடன் வருகிற ஆழ்ந்த தூக்கம் இருக்கிறதே, அதில்தான் வளர்ச்சிச் சுரப்பு நிறைய ஊறுகிறது. உடம்பு தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் நேரம் அது. துண்டு துண்டாகத் தூங்கினால் அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடும். அமெரிக்காவில் க்ளீவ்லாந்து நகரில் 2013-ல் 60 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், எல்லோரும் 30-லிருந்து 49 வயதுக்குள். டேப் ஒட்டிப் பிய்த்து மேல்தோலைக் கொஞ்சம் கெடுத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, நன்றாகத் தூங்குகிறவர்களுடைய தோல் மற்றவர்களுடையதைவிட 30 சதவீதம் கூடுதலாகத் தேறியிருந்தது. செலவு செய்தது ஓர் அழகுசாதனக் கம்பெனி, ஆகவே அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வார்டில் தூக்க மாத்திரை போட்டுத் தூங்கிய நோயாளிக்குப் புண் சீக்கிரம் ஆறியதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் படித்தேன். அதே வருஷம் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 10 பேரை இரண்டு தடவை படம் பிடித்தார்கள்: நன்றாகத் தூங்கிய பிறகு ஒன்று, 31 மணி நேரம் விழித்திருந்த பிறகு ஒன்று. அந்தப் படங்களை 40 பேரிடம் காட்டினார்கள். யார் தூங்கியவர், யார் தூங்காதவர் என்று அவர்களுக்குத் தெரியாது. விழித்திருந்த முகத்தில் இமை தொங்குகிறது, கண் சிவந்து வீங்கியிருக்கிறது, தோல் வெளிறியிருக்கிறது, வாயோரம் கீழே இறங்கியிருக்கிறது என்றார்கள். அதோடு, அந்த முகங்கள் சோகமாக இருக்கின்றன என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே உன் முகத்தில் நான் பார்த்தது தூக்கம் இல்லாததால் வந்த வாட்டம் என்றே வைத்துக்கொள்கிறேன். வேறு ஏதாவது இருந்தால் நீயாகச் சொல்லும்போது சொல். நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குப் படு. அமெரிக்காக்காரர்களோடு பேச வேண்டியிருக்கிறது, பத்தரைக்குத்தான் முடிகிறது என்றால் சரி, பதினொன்றரைக்குப் படு. ஆனால் தினமும் அதே நேரத்துக்குப் படு, எழுவதும் ஒரே நேரத்துக்கு எழு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். வாரம் முழுக்க நாலு மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை கிடந்தால் கணக்குத் தீராது. அன்றைக்கு ராத்திரியும் தூக்கம் வராது, திங்கட்கிழமையும் கெட்டுப்போகும். பகலில் கண்ணயர்ந்தால் அரை மணிக்குள் எழுந்துவிடு. காபியை மத்தியானத்தோடு நிறுத்து. சாயங்காலம் குடிக்கிற காபியில் பாதி, நீ படுக்கப் போகும்போதும் உடம்பில்தான் இருக்கும். ஆச்சி கொடுப்பதுபோல் பாலில் ஜாதிக்காயை ஒரே ஓர் உரசு உரசிக் குடிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், அதிகமானால் நெஞ்சு படபடக்கும்.

போனை வேறு அறையில் வை. அலாரத்துக்கு என்று சொல்வாய். பார்சலில் நம் பழைய அலாரம் கடிகாரத்தை வைத்திருக்கிறேன், புது செல் போட்டிருக்கிறது. படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காதே. எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார், துணி மடி, கண் சொருகும்போது போய்ப் படு. படுக்கையில் படுத்துக்கொண்டு பழைய செய்திகளையும் பழைய படங்களையும் திரும்பத் திரும்பப் பார்க்காதே, செல்வி. அதைச் செய்யாதே.

இப்போது அந்த ட்யூப். பாத்ரூம் மாடத்தில் உன் பையோரம் இருந்தது. உன் பொருளை எடுத்துப் பார்த்தேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நர்ஸ் கண்ணுக்கு மருந்து தென்பட்டால் பேர் படிக்காமல் இருக்காது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டாசோன் என்று மூன்றும் போட்டிருந்தது. நிறம் வெளுக்கப் பூசுகிற களிம்பு. மொமெட்டாசோன் ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று ஆகும், ஆளாளுக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், கட்டி வரும், வெயில் பட்டால் எரியும், முகத்தில் முடிகூட முளைக்கும். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே அரசாங்கம் விதி போட்டாயிற்று. இருந்தும் மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். உனக்கு யார் சொன்னார்கள் இதை? உன் நிறத்துக்கு என்ன குறை? யாராவது ஏதாவது சொன்னார்களா? சொன்னவர்களை அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தி நான் கேட்டிருப்பேன்.

சரி. அதை நீயாகத் திடீரென்று நிறுத்தாதே, முகம் சிவந்து பற்றி எரியும். தோல் டாக்டரிடம் போய் எப்படிக் குறைப்பதென்று கேட்டுச் செய். அவரிடமே ரத்தப் பரிசோதனைக்கும் எழுதி வாங்கு: ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு. சோர்வுக்கும் முகம் வெளிறுவதற்கும் அவையும் காரணமாக இருக்கலாம். நீ சாப்பிடுகிற லட்சணமும் எனக்குத் தெரியும்.

பெங்களூர்க் காற்று மும்பைக் காற்றுபோல் அல்ல. இங்கே உப்புக் காற்றின் ஈரத்தில் வளர்ந்த தோல் உனக்கு. அங்கே மார்கழி, தை மாதங்களில் காற்று வறண்டுவிடும். பெல்லந்தூரில் உங்கள் அப்பார்ட்மெண்டுக்கு டேங்கர் தண்ணீர் வேறு. நுரையே வரவில்லை என்று நீதானே சொன்னாய்? குளித்துத் துடைத்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரைத் தடவு. விலை உயர்ந்தது வேண்டாம். வாரத்துக்கொரு புதுக் கிரீம் மாற்றாதே. மேல்தோல் அடியிலிருந்து புதிதாக ஏறி வரவே நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் பொறுமையாக இரு. கட்டியைக் கிள்ளாதே. கிள்ளினால் நம் நிறத்துக்குக் கறுப்பு வடு மாதக்கணக்கில் நிற்கும்.

நீ டீம் லீடர் ஆனதை அப்பா கட்டிடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பால்காரருக்கும் தெரியும். இந்த ஒற்றை அறை வீட்டில், ஸ்டூலில் புத்தகத்தை வைத்து, பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் படித்த பெண் இன்றைக்குப் பன்னிரண்டு பேருக்கு வேலை சொல்கிறாள் என்று எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே. நான் நைட் டியூட்டி முடிந்து வந்து ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் படுத்தால், நீங்கள் இருவரும் விரல் நுனியில் நடப்பீர்கள். அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாதே என்று தம்பியை அதட்டுவதே நீதான். தூக்கத்தின் அருமை தெரிந்து வளர்ந்த பிள்ளை நீ.

பார்சலில் உன் ஜன்னல் அளவுக்குக் கறுப்புத் திரை தைத்து வைத்திருக்கிறேன், பருத்தித் தலையணை உறை நாலு. உறையை வாரம் இரண்டு தடவையாவது மாற்று.

உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா வரவில்லை, நான் மட்டும்தான். அல்சூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்கிறேன். நீ லீவு போட வேண்டாம். சாயங்காலம் உன் அறைக்கு வந்து சமைத்து வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கலாம். முலுண்டு வீட்டாரைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். அந்த நிச்சயதார்த்தத் தட்டுகள் இன்னும் அலமாரி மேலேயே இருக்கின்றன, யாரும் வந்து கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் அப்பாவும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். நீ வர வேண்டியதில்லை.

தோல் டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கி வை, நானும் கூட வருகிறேன். அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதே, அவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா