காரணத்தை எழுத்தில் தாருங்கள்: யூதப் பெண்கள் பள்ளிச் சேர்க்கைக் குழுவினருக்கும் அதை வழிநடத்தும் சமயகுருக்களான ரப்பிமார்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

என் மகளின் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். வசந்த காலத்தில் "பார்க்கலாம்" என்றீர்கள். கோடையில் "வகுப்பு நிரம்பிவிட்டது" என்றீர்கள். அதன் பிறகும் எங்கள் தெருவிலிருந்தே, ஐரோப்பிய வழிவந்த யூதர்களான அஷ்கெனாசிக் குடும்பத்துப் பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டீர்கள். இத்தனைக்கும் ஒரு வரி கூட எழுத்தில் வரவில்லை. மறுப்பதானால் அதற்கான காரணத்தை எழுதித் தாருங்கள், எழுதத்தக்க காரணம் இல்லையென்றால் அவளுக்கு இடம் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

செப்டம்பர் 1 அன்று இஸ்ரேல் நாடு முழுவதும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். என் மகள் வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு வீட்டில் இருந்தாள். அண்டை வீட்டுப் பெண்கள் பள்ளி விட்டுத் திரும்பும் நேரத்தில் சன்னல் பக்கம் போவதில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தன் படிப்பில் குறையா, ஆடையில் குறையா, வீட்டில் ஓய்வுநாளான ஷபாத்தைக் கடைப்பிடிக்கும் முறையில் குறையா என்று அவள் கேட்டபோது, எதிலும் குறையில்லை என்று என்னால் சொல்ல முடிந்தது. அப்படியானால் ஏன் என்ற அடுத்த கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாட்டனார் பிறந்த ஊரை உங்கள் படிவம் கேட்கிறது. கொச்சிக்கு அருகே சேந்தமங்கலம் என்று எழுதினோம். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு எழுபத்திரண்டு விடுபேறுகளைச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்த கேரள மண் அது. நம் சமயத்தைச் சாராத ஓர் அரசன் உரிமைகளை எழுதியே தந்தான். நம்மவர்களாகிய நீங்கள் மறுப்பைக்கூட எழுதித் தர மாட்டேன் என்கிறீர்கள்.

அந்த மண்ணிலும் இந்தக் குறை இல்லாமலில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இடம் மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வழக்குரைஞர் ஏ. பி. சேலம் காந்தியின் வழியில் சத்தியாகிரகம் செய்துதான் அதை உடைத்தார். மேற்குக் கரையிலுள்ள இம்மானுவேல் குடியிருப்பில் 2007-இல், அஷ்கெனாசி மாணவியரையும் கிழக்கு நாடுகளின் வழிவந்த யூத மாணவியரையும் பிரிக்க ஒரே பெண்கள் பள்ளிக்குள் தடுப்பு எழுப்பினார்கள். அது இன அடிப்படையிலான பாகுபாடு என்று 2009-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்புக்குப் பணியாத பெற்றோர்களுக்கு 2010 ஜூனில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, அவர்களுக்கு ஆதரவாக எருசலேமில் பெருங்கூட்டம் திரண்டது. சமய ஒழுக்கத்தின் அளவே வேறுபாட்டுக்குக் காரணம் என்று அன்று சொல்லப்பட்டது. எங்களிடமும் வாய்மொழியாக அதையே சொன்னீர்கள். எந்த ஒழுக்கத்தில் நாங்கள் குறைந்தோம் என்று குறிப்பிடுங்கள், திருத்திக்கொள்கிறோம். பிறந்த குலத்தைத் திருத்திக்கொள்ள எங்களால் முடியாது.

மோசே மணந்த கூஷ் நாட்டுப் பெண்ணைக் குறித்துப் பழித்துப் பேசியதால் அவர் தமக்கை மிரியாமைத் தோல்நோய் பீடித்ததை நினைவில் வையுங்கள் என்று நம் மறைநூலான தோரா கட்டளையிடுகிறது. காலைத் தொழுகை முடிந்தபின் நம்மில் பலர் நாள்தோறும் அதை ஓதுகிறோம். பிறரைப் பலரறிய நாணச் செய்பவன் இரத்தம் சிந்தியவனைப் போன்றவன் என்று, நம் சமயச் சட்ட விளக்க நூலான தல்மூதிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களும் நீங்கள்தான். உங்களிடம் பயின்றதால்தான் இவற்றை நான் நம்பினேன். கற்பித்தவர்களே சேர்க்கைப் பட்டியலை எடுத்ததும் குடும்பப் பெயரைப் பார்த்து விரலை நகர்த்துகிறார்கள் என்று அறிந்தபோது என் இறைநம்பிக்கை அசையவில்லை; உங்கள் மீதிருந்த மதிப்புத்தான் போயிற்று. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றே இப்போதும் விரும்புகிறேன்.

மனிதர் மனிதருக்குச் செய்த தீங்கை, தீங்கிழைக்கப்பட்டவரைச் சமாதானம் செய்யாத வரை பாவநிவாரண நாளான யோம் கிப்பூரும் போக்காது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளுக்கு முன்பாக, குழுவினர் கையொப்பமிட்ட பதிலையோ என் மகளுக்கான சேர்க்கைக் கடிதத்தையோ அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போலவே காத்திருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் அவ்வாறே எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் இடம் கிடைக்காத மாணவி ஒருத்தியின் தாய்