வயிற்றை நீவினால் குழந்தை திரும்புமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வழக்கம் எங்கள் ஏற்காடு மலைக் கிராமங்களில் பழையது. அதுவே இப்போது சேலம் நகரில் ‘பிரீநேட்டல் மசாஜ்’ என்ற பெயரில் கட்டணச் சேவையாகவும் கிடைக்கிறது. இடுப்பு வலியால் உறக்கமின்றித் தவிக்கும் எட்டு மாதக் கர்ப்பிணியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகையும் தோளையும் இதமாகத் தேய்த்துவிடுவதில் குறை சொல்ல ஏதுமில்லை. (கெண்டைக்காலை மட்டும் அழுத்திப் பிடிக்கக் கூடாது, கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும் என்பதால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் முதலில் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.)

என் கவலையெல்லாம் வயிற்றை நீவுவதைப் பற்றியது. “தலை மேலே இருக்கிறது, இன்னும் திரும்பவில்லை” என்று ஸ்கேனில் சொன்ன மறுநாளே, நீவிவிட ஆள் தேடும் வீடுகள் இன்றும் உண்டு. நீவியதால் திரும்பியது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். 28 வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை பிட்டம் கீழாகவே இருக்கும். நாள் நிறைந்து பிறக்கும்போது அப்படி இருப்பவை நூற்றுக்கு மூன்று அல்லது நான்குதான். மற்றவை இடைப்பட்ட வாரங்களில் தாமாகவே திரும்பிவிடுகின்றன. ஏழாம் மாதத்தில் நீவியவருக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்கிறது.

பழைய மருத்துவச்சிகளின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. விலாவுக்குக் கீழே உருண்டையாகக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டு, விரலால் மெல்லத் தள்ளும்போது அது மட்டும் தனியே அசைந்தால் தலை என்றும், மெத்தென்று இருந்து முழு உடலும் சேர்ந்து நகர்ந்தால் பிட்டம் என்றும் அவர்கள் ஸ்கேன் வருவதற்கு முன்பே சரியாகச் சொன்னார்கள். ஆனால் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, அழுத்தும்போது குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறதா என்பதை எந்தக் கையும் சொல்லாது. பலமாக நீவும்போது நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தப்போக்கு ஏற்பட்டால், தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து.

வெளியிலிருந்து கையால் குழந்தையைத் திருப்பும் முறை மருத்துவத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. முதல் பிரசவமானால் 36 வாரத்திலும், மற்றவர்களுக்கு 37 வாரத்திலும், கருப்பையைத் தளர்த்த ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்து, இதயத்துடிப்பைக் கண்காணித்தபடி, அவசரமென்றால் உடனே அறுவை சிகிச்சை செய்யக்கூடிய இடத்தில் மகப்பேறு மருத்துவர் இதைச் செய்வார். ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பலன் கிடைக்கிறது. இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, அண்மையில் ரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் செய்வதில்லை; தாய் நெகட்டிவ் ரத்த வகையைச் சேர்ந்தவரானால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான பொருள் தாயின் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியும் போடுவார்கள். இத்தனை முன்னேற்பாட்டோடு மருத்துவரே செய்கிற ஒன்றை, வீட்டுப் பாயில் எண்ணெய்க் கிண்ணத்தோடு செய்யத் துணிவது எனக்கு விளங்கவேயில்லை.

ஆனால் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இதைப் பற்றிச் சொல்வதில்லை. “சிசேரியன்தான்” என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கத்தி வேண்டாம் என்று அஞ்சுகிற குடும்பம் அதற்குப் பிறகுதான் நீவுபவரைத் தேடிப் போகிறது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில், 36 வாரத்தை நெருங்கியவர்களுக்குக் குழந்தையின் நிலையைப் பார்த்து, திருப்பும் முறை, அறுவை சிகிச்சை இரண்டையும் விளக்கிச் சொல்ல மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மலைவாழ் தாய்மார்களுக்கு இன்னொன்றும் தேவை. கால் கீழாக இருக்கும் குழந்தைக்கு நீர்க்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னே நழுவிவிடக்கூடும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் சேரும்வரை அந்தக் குழந்தை தாங்காது. எனவே குழந்தை திரும்பாத தாய்மார்கள் நாள் நெருங்குமுன்பே துணைக்கு ஒருவருடன் சேலத்தில் தங்க இடமும், அந்நாட்களுக்கான உணவும் அளிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு.