செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: திருப்பூர் ஊர் வரலாறு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் சென்ற பேரவையில் இரண்டு வேலைகளை எங்களிடம் ஒப்படைத்தீர்கள். ஊரின் மூத்த தொழிலாளர்களிடம் பேசிப் பதிவு செய்வது ஒன்று. நொய்யல் ஆற்றுக்கெனத் தனிக் கோப்பு தொடங்குவது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று நினைத்துத்தான் இரண்டு குழு போட்டோம். ஆனால் பனியன் கம்பெனியில் கைமடி உதவியாளாக வேலைக்குச் சேர்ந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தாலும், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியில் மூட்டை தூக்கிய ஐயாவிடம் உட்கார்ந்தாலும், அரை மணி நேரத்தில் பேச்சு ஆற்றுக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஆடி மாதத்தோடு இரு குழுக்களையும் ஒன்றாக்கிவிட்டோம். இதற்குச் செயற்குழு பின்னேற்பு தர வேண்டுகிறேன்.

மாதக் கூட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டம் ரயிலையும் பருத்தியையும் பற்றியது. 1862-இல் போத்தனூர் வரை தண்டவாளம் வந்தது, கிணற்றுப் பாசனத்தில் கம்போடியா பருத்தி பரவியது, ஸ்டேஷனைச் சுற்றி ஜின்னிங் ஆலைகள் எழுந்தது எல்லாம் அன்று பேசப்பட்டன. ஜனவரியில் வழக்கம்போல் குமரன் நினைவுக் கூட்டம். 1932 ஜனவரி 10 அன்று விழுந்த அடியையும் மறுநாள் வந்த மரணத்தையும் ஒவ்வொரு வருடமும் பேசுகிறோம். இந்த முறை ஒரு உறுப்பினர், சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பையன் பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்தவர் என்பதிலிருந்து தொடங்கினார். நன்றாக இருந்தது. பிழைக்க வந்தவர்களின் ஊர் இது என்பதற்கு அவரைவிடப் பழைய சாட்சி எதற்கு?

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளுக்குப் போனது இந்த ஆண்டின் இனிமையான நாள். திருப்பூர் என்றாலே பனியன் என்று நாமே சொல்லிச் சொல்லி, பக்கத்திலேயே பித்தளை தட்டிக்கொண்டிருப்பவர்களை மறந்துவிட்டோம். காதர்பேட்டைக் கூட்டத்தில், கொல்கத்தாவிலிருந்து நிட்டிங் மெஷின் கொண்டுவந்து குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங்தான் முதல் கம்பெனி என்ற ஊர்ப் பேச்சை மறுபடி கேட்டோம். வந்திருந்த பெரியவர்கள் ஆண்டு பற்றி மூன்று விதமாகச் சண்டை போட்டார்கள். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறோம்.

பொருள் சேகரிப்பில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராயபுரத்தில் கையால் சுற்றும் பழைய நிட்டிங் மெஷின் ஒன்றைத் தருவதாக ஒரு குடும்பம் சொல்லியிருந்தது. தீபாவளி போனஸ் சமயம், வண்டி கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் போனபோது இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது. இனி வண்டிச் செலவுக்குச் செயலாளர் கையில் கொஞ்சம் முன்பணம் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

சம்பள நோட்டுகள் மிகக் குறைவாகவே கிடைத்தன. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் துண்டுக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டுக்கும் பிரிந்து போனது அதிகமாயிற்று. பீஸ் ரேட்டில் துண்டுச் சீட்டுதான் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அது குப்பை. கூலி வரலாறு நம் ஊரில் ஞாபகத்தில்தான் இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களை ஓரளவு பதிவு செய்தோம். ஒடிசா, பீகார்க்காரர்களிடம் இன்னும் போகவே இல்லை. மொழி தெரிந்தவர் நம்மில் இல்லை என்பது சாக்குதான்.

இனி ஆற்றுக் கோப்பு. ஆண்டிபாளையம் குளத்தருகே தொடங்கி ஜம்மனை ஓடை கலக்கும் இடம் வரை ஒரு ஞாயிறு காலை நடந்தோம். வெள்ளியங்கிரியில் பிறந்து, காஞ்சிமாநதி என்று புராணம் பாடிய ஆறு; நடந்தவர்களில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்கள். இப்போது அதில் ஓடுவது பெரும்பாலும் நம் வீட்டுச் சாக்கடை. இதை எழுதாமல் எல்லாவற்றையும் சாயப்பட்டறை தலையில் கட்டுவது சரியல்ல.

ஒரு சாயப்பட்டறைக்காரர், ஒவ்வொரு முறை சாயமிட்டதையும் எழுதி வைத்த தன் லாட் புத்தகங்களைத் தந்தார். தேதி, துணி எடை, சாயம், உப்பு, ஓரத்தில் ஒட்டிய துணித் துண்டு. இந்த ஆண்டு கிடைத்த மிகப் பெரிய செல்வம் இதுதான். உள்ளூருக்கு வெள்ளை பனியன் போட்ட காலத்தில் பிளீச்சிங்தான் பெரிய வேலை. எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி வந்தது, கலர் வந்தது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. அந்தப் புத்தகத்தில் உப்பின் அளவை எழுதிய வரிசையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால், நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக் கழிவு தேங்கும் இடமானது ஏன் என்று புரியும்.

அந்தப் பட்டறைக்காரரின் பெரியப்பா மகன் அணைக்குக் கீழே விவசாயி. தென்னை கருகியதையும், கிணற்று நீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பியதையும் அவர் சொன்னார். 2006-இல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்றும், 2011 ஜனவரி 28-இல் பட்டறைகளை மூடு என்றும் உயர்நீதிமன்றம் சொன்னபோது ஒருவர் இனிப்பு வாங்கினார், மற்றவர் பட்டறையைப் பூட்டினார். இருவருக்கும் குலதெய்வம் ஒன்று. அந்த வருடக் கோயில் பொங்கலுக்கும் ஒரே பந்தலில்தான் உட்கார்ந்தார்களாம், பேசவில்லை.

இவ்விரு பதிவுகளையும் எங்கே வைப்பது என்று செயற்குழுவில் இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. 'தொழில்' என்று ஒரு பெட்டி, 'விவசாயம்' என்று ஒரு பெட்டி என்பது ஒரு யோசனை. நான் எதிர்த்தேன். தோட்டத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், பிறகு முதலாளியானவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! ஆற்றைக் கெடுத்தவர், கெட்ட ஆற்றால் நொந்தவர் என்று இரண்டு ஜனமாகப் பிரித்தால் அந்தக் குடும்பத்தையே பாதியாக அறுக்க வேண்டும். கடைசியில் ஆண்டு வரிசையில் எல்லாவற்றையும் ஒன்றாக வைப்பதென முடிவாயிற்று. இரண்டு உறுப்பினர்கள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்துள்ளனர். அதுவும் அதே கோப்பில் இருக்கிறது.

நல்லாற்று நீர் சேரும் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சி தெரிவித்துத் தீர்மானம் போட்டோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். லாட் புத்தகங்களைப் பூச்சி அரிப்பதற்குள் படமெடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு பேரும், ஒடியா அல்லது இந்தி பேசத் தெரிந்த ஒருவரும் தேவை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் கட்டிவிடலாம்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்